பெரியவங்க படிப்பு நம்ம கைக்கு வந்த வரலாறு



மலருக்கு ஒரு கட்டுரை வேணும்னு செயற்குழுவில் கேட்டாங்க. நான் பத்தாம் வகுப்பு வரைக்கும் படிச்சவள். எங்க குழுவில் கணக்கு எழுதுறேன். சமையல் குறிப்பு, சுயதொழில், ஆடு மாடு வளர்ப்பு பத்தி எழுத நம்மகிட்ட நிறைய பேர் இருக்காங்க. அதனால் நான் முதியோர் கல்வியின் வரலாற்றை எழுதலாம்னு எடுத்துக்கிட்டேன்.

இதை ஏன் இப்ப எழுதணும்னு கேட்கலாம். இந்த வருஷம் நம்ம கூட்டமைப்பு ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கு. எழுதப் படிக்கத் தெரியாத உறுப்பினர்களுக்கு வகுப்பு நடத்துற பொறுப்பை ஊராட்சியோடும் பள்ளிக்கூடத்தோடும் சேர்ந்து நாமளே எடுத்துக்கிறதா, இல்ல வழக்கம்போல மேல இருந்து யாராவது வரட்டும்னு காத்திருக்கிறதா? போன கூட்டத்தில் இதுக்கு ரெண்டு விதமாவும் பேச்சு வந்தது. முடிவு எடுக்கிறதுக்கு முன்னாடி, இந்தப் படிப்பு யார் யார் கையில் இருந்தது, எப்ப நல்லா நடந்தது, எப்ப நின்னு போச்சு என்று நாம தெரிஞ்சுக்கணும். ஐம்பது வருஷக் கதை இது. நம்ம அம்மாக்களும் அப்பத்தாக்களும் இருந்த கதை.

ராத்திரிப் பள்ளிக்கூடக் காலம்

சுதந்திரம் வந்த பிறகு 1951-ல் மக்கள் தொகைக் கணக்கு எடுத்தாங்க. அப்போ நம்ம நாட்டில் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க நூத்துக்கு 18 பேர்தான். பெண்களில் நூத்துக்கு 9 பேர் கூட முழுசா இல்ல. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டினா போதும், அடுத்த தலைமுறை சரியாயிடும் என்று ரொம்ப நாள் நினைச்சிருந்தாங்க. பெரியவங்களைக் கவனிக்க ஆள் குறைவு.

நாடு முழுக்கப் பெரிய அளவில் ஆரம்பிச்சது 1978 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்னைக்கு. தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம்னு பேர். 15 வயசிலிருந்து 35 வயசுக்குள்ள இருக்கிற 10 கோடி பேருக்கு அஞ்சு வருஷத்தில் எழுத்தறிவு கொடுக்கணும்கிறது இலக்கு. ஊர் ஊருக்கு மையம் வச்சாங்க. ஒரு வாத்தியார், அவருக்குச் சின்னதா ஒரு சம்பளம், கொஞ்சம் சிலேட்டு, ஒரு அரிக்கேன் விளக்கு.

எங்க அப்பத்தா இதைப் பத்திச் சொல்வாங்க. "மையம் ஊர்ச் சாவடியில நடந்துச்சு. சாவடியில ஆம்பளைங்க உக்காருவாங்க. நாங்க அந்தப் பக்கம் நடந்து போறதுக்கே தலையைக் குனிஞ்சுக்கிட்டுப் போவோம். அங்க போய் எங்க படிக்கிறது?" இதுதான் அந்தத் திட்டத்தில் இருந்த குறை. நல்ல எண்ணத்தில்தான் கொண்டு வந்தாங்க. ஆனா எங்க நடத்துறது, எத்தனை மணிக்கு நடத்துறது, யார் சொல்லித் தர்றது என்று அந்த ஊர்ப் பெண்களைக் கேட்டு முடிவு பண்ணல. விளக்குக்கு எண்ணெய் மேல இருந்து வந்தது. எண்ணெய் வர்றது நின்னதும் விளக்கும் அணைஞ்சு போச்சு.

எர்ணாகுளம் காட்டின வழி

1988 மே மாசம் மத்திய அரசு தேசிய எழுத்தறிவு இயக்கத்தை ஆரம்பிச்சது. அதுக்கு அடுத்த வருஷம் கேரளாவில் எர்ணாகுளம் மாவட்டத்தில் ஒரு புது மாதிரி முயற்சி நடந்தது. மாவட்ட ஆட்சியரும், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் அமைப்பும் கைகோத்தாங்க. சம்பள வாத்தியார் கிடையாது. காலேஜ் பிள்ளைங்க, வீட்டுப் பெண்கள், ஓய்வு பெற்றவங்க என்று ஆயிரக்கணக்கான தொண்டர்கள் கூலி வாங்காம சொல்லித் தந்தாங்க. சாவடியை விட்டுட்டு வீட்டுத் திண்ணை, மீன் காயவைக்கிற இடம், கயிறு திரிக்கிற இடம் என்று மக்கள் இருக்கிற இடத்துக்கே பாடம் போச்சு. கண் பார்வை மங்கின வயசானவங்களுக்கு மூக்குக் கண்ணாடி சேகரிச்சுக் கொடுத்தாங்க. இது சின்ன விஷயமாத் தெரியும். ஆனா நாப்பது வயசுக்கு மேல உள்ளவங்களுக்கு எழுத்து தெரியலையா, கண்ணு தெரியலையா என்று முதல்ல பார்க்கணும் இல்லையா?

1990 பிப்ரவரி 4-ம் தேதி, இந்தியாவிலேயே முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக எர்ணாகுளம் அறிவிக்கப்பட்டது. அடுத்த வருஷம் 1991 ஏப்ரல் 18-ல் கேரள மாநிலமே முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிச்சாங்க. கோழிக்கோட்டில் நடந்த அந்தக் கூட்டத்தில் அறிவிப்பைப் படிச்சது அமைச்சரோ அதிகாரியோ இல்ல. புதுசா எழுத்து கத்துக்கிட்ட சேலக்கோடன் ஆயிஷா என்ற அம்மாதான் அறிவிச்சாங்க.

இந்த எர்ணாகுளம் மாதிரியைத்தான் பிறகு நாடு முழுக்கக் கொண்டு போனாங்க. மாவட்ட அளவில் ஒரு சங்கம் பதிவு பண்ணி, ஆட்சியர் தலைவராக இருந்து, தொண்டு அமைப்புகளும் ஆசிரியர்களும் பொதுமக்களும் அதில் உறுப்பினராக இருப்பாங்க. மத்திய அரசு ரெண்டு பங்கு, மாநில அரசு ஒரு பங்கு என்று பணம் வரும். முன்னாடி டெல்லியில் எடுத்த முடிவை மாவட்டத்திலேயே எடுக்க முடிஞ்சது. அதிகாரம் ஒரு படி கீழே இறங்கினது அப்பதான்.

புதுக்கோட்டை அறிவொளி

நம்ம புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் 1991-ல் வந்தது. அப்போ ஷீலா ராணி சுங்கத் அம்மா மாவட்ட ஆட்சியர். எங்க அம்மா அறிவொளியில் படிச்சவங்க. நான் அப்போ கைக்குழந்தை.

பாடம் சொல்லித் தந்த முறையே வேற. அ, ஆ, இ, ஈ என்று வரிசையா மனப்பாடம் பண்ண வைக்கல. நமக்குப் பழக்கமான ஒரு வார்த்தையை முதல்ல பேசுவாங்க. 'பட்டா' என்ற வார்த்தையை எடுத்துக்கோங்க. பட்டான்னா என்ன, யார் பேர்ல இருக்கு, நம்ம பேர்ல ஏன் இல்ல என்று பேச்சு ஓடும். பிறகு அந்த வார்த்தையை எழுதிக் காட்டி, அதில் இருக்கிற எழுத்துகளைப் பிரிச்சுச் சொல்லித் தருவாங்க. பேச்சும் படிப்பும் ஒண்ணா நடக்கும். எழுத்து மறந்தாலும் அந்தப் பேச்சு மறக்காதுன்னு அம்மா இன்னைக்கும் சொல்வாங்க.

அதோட சேர்ந்து வந்தது சைக்கிள். பாடம் நடத்தப் போற பெண்கள் ஊர் விட்டு ஊர் போகணும். பஸ்ஸுக்குக் காத்திருந்தா பொழுது போயிடும். அதனால் சைக்கிள் கத்துக்கிறதையும் அறிவொளியில் ஒரு பாடமாவே சேர்த்துட்டாங்க. அதுக்குப் பாட்டு கூட எழுதிப் பாடினாங்க. ஆரம்பத்தில் கேலி பேசினவங்க நிறைய. 1992 உலக மகளிர் தினத்தில் 1,500 பெண்களுக்கு மேல மணி அடிச்சுக்கிட்டு, கொடி கட்டிக்கிட்டுப் புதுக்கோட்டை டவுனில் சைக்கிள் ஊர்வலம் போனாங்க. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம போனதால் பல பேர் ஆம்பளை சைக்கிளையே வாங்கினாங்க. முன்னாடி இருக்கிற பார் கம்பியில் பிள்ளையை உக்கார வச்சுக்கலாம்னு அதையே விரும்பினவங்களும் உண்டு. பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை நேரில் வந்து பார்த்துத் தன் புத்தகத்தில் எழுதியிருக்கார். பொம்பளைங்க சைக்கிள் ஓட்டுறதால் என்ன பெருசா மாறிடும்னு கேட்கிறவங்க, தண்ணிக் குடத்தைத் தலையில் வச்சுக்கிட்டு மூணு மைல் நடந்து பார்த்தால் தெரியும்.

கல்குவாரியில் வேலை செஞ்ச பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்ததும் அந்தக் காலத்தில்தான். எத்தனை லோடு போச்சு, எவ்வளவு கூலி என்று கணக்குப் பார்க்க எழுத்து தேவைப்பட்டது. தேவை இருந்ததால் படிப்பு நின்னது. ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது மை தடவாம கையெழுத்துப் போட்டதைப் பெருமையாச் சொல்ற பெரியம்மாக்கள் நம்ம கூட்டமைப்பிலேயே இருக்காங்க.

தமிழ்நாட்டுக் கணக்கைப் பார்த்தாலும் தெரியும். 1991-ல் எழுதப் படிக்கத் தெரிஞ்ச பெண்கள் நூத்துக்கு 51. 2001-ல் அது 64 ஆச்சு. 2011-ல் 73. பள்ளிக்கூடமும் சத்துணவும் இதில் பெரிய பங்கு. அறிவொளிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு.

வெளிச்சம் ஏன் மங்கினது?

இவ்வளவு நல்லா நடந்தது ஏன் அப்படியே தொடரல? இதை நாம நேர்மையாப் பேசணும்.

ஒண்ணு, ஆறு மாசம், ஒரு வருஷம்னு வேகமா நடக்கிற இயக்கத்தில் எழுத்து வந்துடும். ஆனா அப்புறம் படிக்க எதுவும் இல்லேன்னா மறந்து போகும். புழங்காத பாத்திரம் களிம்பு ஏறுற மாதிரிதான். தொடர் கல்வி, வளர்கல்வி மையம் என்று பிறகு வந்தது. சில ஊரில் நல்லா நடந்தது, பல ஊரில் பலகை மட்டும் தொங்கினது.

ரெண்டு, ஆர்வமான ஒரு அதிகாரி இருந்தால் வேலை ஓடும். அவர் மாறிப் போனால் அடுத்து வர்றவருக்கு வேற வேலை முக்கியமா இருக்கும். ஆட்சியர் மூணு வருஷத்தில் மாறுவார். நம்ம ஊரும் நாமளும் எங்கயும் மாறப் போறதில்ல.

மூணு, தொண்டராகச் சொல்லித் தந்த பெண்கள் கல்யாணமாகி வேற ஊர் போனாங்க. அவங்களுக்குப் பதிலா அடுத்த ஆளைத் தயார் பண்ற அமைப்பு ஊருக்குள்ள இல்ல.

இந்த மூணையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாத் தெரியுது. அதிகாரம் டெல்லியிலிருந்து மாவட்டத்துக்கு வந்தது. மாவட்டத்திலிருந்து ஊருக்கு வரல.

சட்டத்தில் இருக்கிற 19-வது இனம்

1993 ஏப்ரல் 24-ல் அரசியலமைப்பின் 73-வது திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பஞ்சாயத்து ராஜ் சட்டம்னு நாம சொல்றது இதைத்தான். அதில் பதினோராவது அட்டவணை என்று ஒண்ணு இருக்கு. ஊராட்சிகளுக்குக் கொடுக்கக்கூடிய 29 வேலைகளை அதில் வரிசையா எழுதியிருக்காங்க. குடிதண்ணி, ரோடு, தெருவிளக்கு மட்டும்தான் ஊராட்சி வேலைன்னு நினைக்கிறோம். அந்தப் பட்டியலில் 19-வதா இருக்கிறது வயது வந்தோர் கல்வி மற்றும் முறைசாராக் கல்வி. அதுக்கு அடுத்து 20-வது நூலகம். 18-வது தொழிற்பயிற்சி. 25-வது மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாடு. நமக்கு வேண்டியது எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கு.

ஆனா ஒரு விஷயம் கவனிக்கணும். இந்த வேலைகளை ஊராட்சிக்கு மாநில அரசு 'கொடுக்கலாம்'னுதான் சட்டத்தில் இருக்கு. 'கொடுத்தே ஆகணும்'னு இல்ல. அதனால் எந்த வேலை, எவ்வளவு பணம், எத்தனை ஆள் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேற வேற. தமிழ்நாட்டில் 1994-ல் ஊராட்சிகள் சட்டம் வந்தது, 1996-ல் தேர்தல் நடந்தது. மூணில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு. அது 2016-ல் பாதியாக உயர்ந்தது. அறிவொளியில் முதல் தடவை மேடை ஏறிப் பாடின ஒரு அக்கா எங்க ஊரில் வார்டு உறுப்பினர் ஆனாங்க. ஊராட்சித் தீர்மானத்தைப் படிச்சுப் பார்த்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்னு அவங்க சொன்னப்ப, "இந்தம்மாவுக்கு எதுக்கு இதெல்லாம்"னு முணுமுணுத்தாங்களாம். அவங்க படிச்சுட்டுத்தான் போட்டாங்க. பெரியவங்க படிப்பும் ஊராட்சி அதிகாரமும் ஒண்ணுக்கொண்ணு எப்படித் துணைன்னு புரிஞ்சுக்க இந்த ஒரு உதாரணம் போதும்.

பக்கத்து மாநிலத்தில் நடந்தது

கேரளாவில் 1996-ல் மக்கள் திட்டம் என்று ஒண்ணு ஆரம்பிச்சாங்க. மாநிலத் திட்டப் பணத்தில் நூத்துக்கு 35 முதல் 40 பங்கு வரை உள்ளாட்சிகளுக்குக் கொடுத்து, என்ன செய்யணும்னு கிராம சபையில் பேசி முடிவெடுங்கன்னு சொன்னாங்க. 1998-ல் குடும்பஸ்ரீ வந்தது. நம்ம சுய உதவிக் குழு மாதிரிதான், ஆனா ஆரம்பத்திலிருந்தே உள்ளாட்சியோட சேர்த்தே கட்டினாங்க. எழுத்தறிவு இயக்கத்தையும் நிறுத்திடாம, நாலாம் வகுப்பு, ஏழாம் வகுப்பு, பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வு எழுதுற வரைக்கும் வழி வச்சாங்க. அதனால் எழுத்து கத்துக்கிட்டவங்களுக்கு அடுத்த படி இருந்தது.

2018-ல் ஆலப்புழா மாவட்டத்தைச் சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 96 வயசில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி 100-க்கு 98 மார்க் வாங்கினதை டி.வி.யில் பார்த்திருப்பீங்க. எல்லாரும் அந்த அம்மாவோட வயசைப் பாராட்டினோம். பாராட்ட வேண்டியதுதான். அதோட, முதல் இயக்கம் முடிஞ்சு 27 வருஷம் கழிச்சும் 96 வயசு அம்மாவைத் தேடிப்போய்ப் படிக்க வைக்க அங்க ஒரு ஏற்பாடு உயிரோட இருந்ததே, அதையும் நாம கவனிக்கணும்.

நம்ம குழுவே ஒரு பள்ளிக்கூடம்

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு ஆரம்பிச்சது 1989-ல், தருமபுரி மாவட்டத்தில். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோட மகளிர் மேம்பாட்டு நிறுவனம் நடத்தினது. பிறகு சேலம், விழுப்புரம், மதுரை, ராமநாதபுரம் பக்கம் போச்சு. 1997-98-ல் மகளிர் திட்டமாக ஆரம்பிச்சு, படிப்படியா எல்லா மாவட்டத்துக்கும் வந்தது. அறிவொளியும் குழுவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பிறந்த அக்கா தங்கச்சி மாதிரி.

யோசிச்சுப் பாருங்க, நம்ம குழுவில் எத்தனை நோட்டு இருக்கு? வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்பு கடன் பேரேடு, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி பாஸ்புத்தகம். கையெழுத்துப் போடத் தெரிஞ்சாதான் உறுப்பினர்னு ஆரம்பத்திலேயே விதி வச்ச குழுக்கள் உண்டு. சிலேட்டு வாங்கி, கூட்டம் முடிஞ்சதும் அரை மணி நேரம் பேர் எழுதப் பழகினாங்க. எந்த அரசாணையும் இல்லாம நடந்த முதியோர் கல்வி அது.

ஆனா அது பேர் எழுதுறதோட நின்னு போச்சு. இதனால் வர்ற ஆபத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கேன். எங்க தெரு அக்கா ஒருத்தர் குழுவுக்கு வெளியே தனியார் நிதி நிறுவனம் ஒண்ணில் 30,000 ரூபாய் கடன் வாங்கினாங்க. கைக்கு வந்தது 28,000 சொச்சம். காப்பீடு, கட்டணம்னு பிடிச்சிருக்காங்க. காகிதத்தில் எல்லாம் அச்சடிச்சுத்தான் இருந்தது. நாலு இடத்தில் அக்காவோட கையெழுத்து அழகா இருந்தது. கணக்கெடுப்புக்கு வர்றவங்க கிட்ட அவங்க 'எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க'. உண்மையில் மூணு எழுத்துப் பேரை மட்டும் வரையத் தெரிஞ்சவங்க. கைநாட்டா இருந்திருந்தா யாரையாவது கூப்பிட்டுப் படிக்கச் சொல்லியிருப்பேன், கையெழுத்துப் போடத் தெரிஞ்சதால கேக்கக் கூச்சமா இருந்துச்சுன்னு அந்த அக்கா சொன்னப்ப எனக்குப் பதில் சொல்லத் தெரியல.

கற்கும் பாரதம் வந்தது, நின்றது

2009 செப்டம்பர் 8, உலக எழுத்தறிவு தினத்தில் மத்திய அரசு ஒரு புதுத் திட்டம் ஆரம்பிச்சது. தமிழில் 'கற்கும் பாரதம்'. இதில் ரெண்டு நல்ல விஷயம் இருந்தது. பெண்கள்தான் முக்கியம்னு வெளிப்படையாச் சொன்னாங்க. ஊராட்சிக்கு ஒரு மையம், அதை ஊராட்சி அளவிலான குழு பார்த்துக்கணும்னு வச்சாங்க. அட்டவணையில் இருந்த 19-வது இனம் முதல் தடவை ஊருக்குள்ள வந்த மாதிரி இருந்தது. பெண் எழுத்தறிவு குறைவா இருந்த மாவட்டங்களை மட்டும் எடுத்தாங்க. நம்ம மாநிலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம், விழுப்புரம் போன்ற மாவட்டங்களில் நடந்தது. மையத்துக்கு ரெண்டு ஊக்குநர், மாசம் 2,000 ரூபாய் மதிப்பூதியம்.

2018 மார்ச்சோட திட்டம் முடிஞ்சது. மையங்களும் முடிஞ்சது. ஏன்? மையம் ஊராட்சியில் இருந்தது, ஆனா பணம் முழுக்க மேலதான் இருந்தது. ஊராட்சியோட சொந்தத் திட்டத்தில் அது ஒரு வரியா ஏறல. ஊர்ப் பெண்கள் அமைப்பும் 'இது எங்க மையம்'னு உரிமை கொண்டாடல. 1978-ல் எண்ணெய் நின்னப்ப விளக்கு அணைஞ்ச அதே கதை, நாப்பது வருஷம் கழிச்சும்.

பிறகு 'கற்போம் எழுதுவோம்' வந்தது. 2022-லிருந்து 2027 வரைக்கும் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் நடக்குது. 15 வயசுக்கு மேல யார் வேணும்னாலும் சேரலாம், வயசுக்கு மேல் எல்லை இல்ல. தன்னார்வலர்கள் சொல்லித் தர்றாங்க. எழுத்தோட நிற்காம, பணம் சார்ந்த அறிவு, செல்போன் பயன்பாடு, சட்ட அறிவு, சுகாதாரம் எல்லாம் அதில் சேர்த்திருக்காங்க. பள்ளிக்கூடத்தை மையமா வச்சு நடக்குது. நல்லதுதான். ஆனா 2027-க்கு அப்புறம் என்ன? இந்தக் கேள்விக்குப் பதில் மேல இல்ல, நம்மகிட்டதான் இருக்கு.

இப்ப நாம தயார் பண்ண வேண்டியது

வரலாறு படிச்சு என்ன பிரயோஜனம்னு கேட்கக் கூடாது பாருங்க, அதனால் எனக்குத் தோணினதைச் சொல்றேன்.

முதல் வேலை கணக்கு. ஒவ்வொரு குழுவிலும் மூணு பத்தி போட்டு எழுதணும். எழுத்தே தெரியாதவங்க, பேர் மட்டும் எழுதத் தெரிஞ்சவங்க, தட்டுத் தடுமாறிப் படிக்கிறவங்க. ரெண்டாவது பத்திதான் முக்கியம். அவங்கதான் எந்தக் கணக்கிலும் வராதவங்க. இதை வெளியாள் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டாங்க. நாம தனியா, மனசு நோகாம கேட்டால் சொல்வாங்க.

ரெண்டாவது, யாரிடம் என்ன இருக்குன்னு பார்க்கணும். பள்ளித் தலைமை ஆசிரியரிடம் வகுப்பறையும் திட்டத்தின் புத்தகமும் இருக்கு. ஊராட்சியிடம் கட்டிடமும் கரண்டும் இருக்கு. நூலகத்தில் புத்தகம் இருக்கு, பூட்டின கதவும் இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கண் பரிசோதனைக்கு ஏற்பாடு பண்ணலாம். வங்கிக்காரங்க கடன், காப்பீடு பத்தி வந்து விளக்குவாங்க. நம்மகிட்ட இருக்கிறது ஆட்கள், நம்பிக்கை, மாசா மாசம் கூடுற பழக்கம். இது வேற யார்கிட்டயும் இல்ல. ஒவ்வொருத்தரும் என்ன செய்வாங்கன்னு ஒரு தாளில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, தீர்மானப் புத்தகத்தில் ஏத்தணும். வாய்ப்பேச்சா விட்டால் கடைசியில் எல்லா வேலையும் நம்ம தலையில் விழும்.

மூணாவது, கிராம சபை. வருஷா வருஷம் குழுக்கள் சேர்ந்து கிராம வறுமை குறைப்புத் திட்டம் தயார் பண்ணிக் கொடுக்கிறோம். அது ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தோட சேரணும். அதில் ரோடு, தையல் மெஷின், மாட்டுக்கொட்டகை எல்லாம் கேட்கிறோம். இந்தத் தடவை பெரியவங்க வகுப்பையும் ஒரு வரியா எழுதிக் கிராம சபையில் படிக்கணும், பதிவு பண்ண வைக்கணும். தலைவர் மாறினாலும் அந்தத் தீர்மானம் இருக்கும்.

நாலாவது, நேரமும் பாடமும் நாமளே முடிவு பண்ணணும். நூறு நாள் வேலைக்குப் போறவங்களுக்கு ஒரு நேரம், பால் கறக்கிறவங்களுக்கு ஒரு நேரம். முதல் பாடம் பாஸ்புத்தகமா, மாத்திரை அட்டையா, செல்போனில் வர்ற ஓ.டி.பி.யா என்று படிக்கிறவங்களைக் கேட்டே ஆரம்பிக்கலாம்.

போன கூட்டத்தில் ரெண்டு ஆட்சேபணை வந்தது. "ஊராட்சி கையில போனா கட்சி புகுந்துடும்"னு ஒரு அக்கா சொன்னாங்க. அந்தப் பயம் நியாயம்தான். அதனால்தான் நாம உள்ளே இருக்கணும்னு சொல்றேன். கணக்கும் வருகைப் பதிவும் கூட்டமைப்பு நோட்டில் இருந்தால் யாரும் ஏமாத்த முடியாது. "நம்ம வேலையே தலைக்கு மேல கிடக்கு"ன்னு இன்னொரு தங்கச்சி சொன்னாங்க. அதுவும் உண்மை. பாடம் நடத்துற வேலையை முழுக்க நாம எடுக்க வேண்டாம். திட்டத்தில் தன்னார்வலர் இருக்காங்க, நம்ம வீட்டிலேயே பன்னிரண்டாவது படிச்ச பிள்ளைங்க இருக்காங்க. ஆளைக் கூட்டிட்டு வர்றது, தொடர்ந்து வர வைக்கிறது, யாராவது ரெண்டு நாள் வரலேன்னா வீட்டுக்குப் போய்ப் பார்க்கிறது, இது மட்டும் நம்ம பங்கு. சேமிப்புக்கு நாம அதைத்தானே இருபது வருஷமாச் செஞ்சுக்கிட்டு இருக்கோம்?

1978-ல் படிப்பு அரசாங்கத்து வேலையா இருந்தது. 1991-ல் மாவட்டத்து இயக்கமா ஆச்சு. 2009-ல் ஊராட்சி வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போச்சு. இப்ப நம்ம கூட்டமைப்பு வாசலில் நிக்குது. உள்ளே கூப்பிடுறதா வேண்டாமான்னு அடுத்த பொதுக்குழுவில் நாம எல்லாரும் கை தூக்கிச் சொல்லப் போறோம். அந்தத் தீர்மானத்தைப் புத்தகத்தில் எழுதினதும், கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு தடவை சத்தமாப் படிச்சுக் காட்டணும்னு செயலாளர் அக்காவைக் கேட்டுக்கிறேன்.